மகுடேசர் உண்ட கறி

முன்பு ஒரு காலத்தில் ஆழித்துறை என்ற கடலோர நாட்டை வில்லாளன் என்ற அரசன் ஆண்டான். நல்லவன்தான்; ஆனால் மனத்தில் பட்டதை மறுநாளே சட்டமாக்கிவிடுவான். தம்பி காய்ச்சலில் இறந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை, பேச்சில்லை. அவையில் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பான்.

அந்த அவையில் மகுடேசர் என்றொருவர். தமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவர் நினைப்பு. மன்னர் தின்ற மீனும் இறைச்சியும்தான் அவர் மனத்தை இருளாக்கிவிட்டன, நாடு முழுக்க நிறுத்தினால்தான் நோய் தீரும் என்று அடித்துச் சொன்னார். உடனே பறை அறைந்தார்கள். விற்றாலும் தின்றாலும் நாடு கடத்தல்.

மூன்று மாதம் ஓடியது. படகுகள் கரையில் காய்ந்தன. மீனவர் குப்பத்தில் பலர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அரசன் முகமும் தெளியவில்லை.

வேலாச்சி என்ற மீன்காரி ஒருநாள் கூடையோடு வந்து அரண்மனை வாசலிலேயே கடை விரித்தாள். காவலர் அவளை இழுத்துவந்து நிறுத்தினார்கள்.

"கட்டளை காதில் விழவில்லையா?" என்றான் அரசன்.

"விழுந்தது ராசா. பிள்ளைங்க பசியில அழுவுறதும் விழுந்தது. மீன் தின்னா மனசு கெடும்னா எங்க குப்பமே பைத்தியம் பிடிச்சு அலைஞ்சிருக்கணும். சொன்னவர் நிரூபிக்கட்டும். நிரூபிச்சா நானே படகேறிப் போயிடுறேன்."

மகுடேசர் சிரித்தார். தடைக்கு முன் அவரும் ஆட்டுக்கறியை ஒருநாள்கூட விட்டவரல்ல. தாமே ஒரு வாய் உண்டு காட்டினால் போதும், தம் மனம் புரள்வதை அவையே பார்க்கட்டும் என்றார்.

மறுநாள் நண்பகல், அரண்மனை மடைப்பள்ளியில் சமைத்த சட்டியோடு வேலாச்சி வந்தாள். மிளகும் பூண்டும் அவையெங்கும் மணத்தன. "கறி ஆக்கியிருக்கேன் ஐயா, சாப்பிடுங்க" என்று பரிமாறினாள்.

ஒரு வாய் என்றவர் இலையையே வழித்து உண்டார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கண் இருட்டுவதாகவும், காரணமில்லாமல் கோபமும் அழுகையும் முட்டுவதாகவும் முனகினார்.

வேலாச்சி உள்ளே போய், முள் முள்ளான பச்சைத் தோல்களை அள்ளிவந்து அவர்முன் கொட்டினாள்.

"பலாப்பிஞ்சு. கறின்னுதான் சொன்னேன். என்ன கறின்னு ஐயா கேக்கலையே."

அவை குலுங்கிச் சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை. "அப்படியானால் என் மனம் ஏன் இப்படி?" என்று மெல்லக் கேட்டான்.

"தம்பி போயிட்டாரு ராசா. வலிக்காம இருக்குமா? அந்தப் பழியை மீன்மேல போடாதீங்க. இலை போட்டு ஒத்தையா உக்காந்து, சோத்தைத் தொடாம எழுந்துடுறீங்களாம், மடைப்பள்ளியில சொன்னாங்க. நாலு பேரோட உக்காருங்க. அவரைப் பத்திப் பேசுங்க."

அரசன் தடையை நீக்கினான். காய் விரும்புபவர் காயும், மீன் விரும்புபவர் மீனும் உண்ணலாம் என்றான். மகுடேசர் பறைக்காரரோடு ஊர் ஊராக நடந்து, தாம் உண்டது பலாப்பிஞ்சுதான் என்று தம் வாயாலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. வேலாச்சிக்கு அரசன் பொன் நீட்டினான். படகுகள் கடலுக்குப் போனால் போதும் என்று அவள் வாங்க மறுத்தாள்.

அடுத்த நாள் அரசன் குப்பத்துக்கே போனான். மணலில் வரிசையாக இலை போட்டிருந்தார்கள். வேலாச்சி குடும்பத்தார் நடுவே உட்கார்ந்து, முதல் கவளத்தை எடுத்தவன் நிறுத்தினான்.

"என் தம்பிக்கு நண்டு என்றால் உயிர்" என்று தொடங்கினான். பேசிப் பேசி அழுதான். அழுதுகொண்டே வயிறாரச் சாப்பிட்டான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.