முழுங்குகிற ஸ்பீக்கர்

இந்தக் கதையைச் சொல்லும்போது எங்கேயாவது ஒரு வார்த்தை இடம் மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஒரு வார்த்தை காணாமல் போனதால் வந்த கதை இது. அதனால் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.

பேச்சித்தாய் மாடிப்படி ஏறி வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்.

"டீச்சர், நல்ல ஸ்பீக்கர் எது?"

ஜெனோவா ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "எதுக்குக்கா?"

"என் பேரு கெட்டுப்போச்சு டீச்சர்."

டீச்சருக்கு முப்பத்தொரு வயது. பேச்சித்தாய்க்கு நாற்பத்தொன்பது. கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் அந்த ஊரில் மைக்செட் போடுகிறவள், ஸ்பீக்கர் விற்கிறவள் ஜெனோவா. மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று பேச்சித்தாய்க்குச் சொல்லிக் கொடுத்தவள். அன்றிலிருந்து அவள் டீச்சர். தெருவே சிரித்தது. பேச்சித்தாய் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊர் சுற்றுகிற அறிவிப்பெல்லாம் பேச்சித்தாயின் குரல்தான். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்து பதிவு செய்வாள். கம்ப்யூட்டரோடு வந்த சின்ன ஸ்பீக்கரில் ஒரு தடவை போட்டுக் கேட்பாள். பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிடுவாள்.

போன வாரம் அணை திறந்தபோதும் அவள்தான் பேசினாள். 'பொதுமக்கள் ஆற்றில் இறங்க வேண்டாம்.' நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் பேசியது.

அன்றைக்கு இரண்டு பெண்கள் துணி துவைக்க ஆற்றில் இறங்கினார்கள். தண்ணீர் வந்துவிட்டது. பாறை மேல் ஏறி நின்றவர்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

"இறங்கலாம்னுதான ஆட்டோவுல சொல்லிட்டுப் போச்சு?" என்று கேட்டார்களாம்.

அதற்குப் பிறகு பேச்சித்தாய்க்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னைக்குச் சாயங்காலமும் அணை திறக்காங்க டீச்சர். நாலு மணிக்கு ஆட்டோ கிளம்பணும். என் ஸ்பீக்கர் சரியில்ல. அதுல கேட்டா எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஏதோ ஸ்டூடியோ மானிட்டர்னு ஒண்ணு இருக்காமே, அதை வாங்கிரணும்னு வந்துட்டேன்."

"மானிட்டர்னா என்னன்னு தெரியுமா?"

"எங்க கிளாஸ்ல ஒருத்தி மானிட்டரா இருந்தா. பேசுறவங்க பேரையெல்லாம் போர்டுல எழுதிப் போடுவா."

"அதே வேலைதான்" என்றாள் ஜெனோவா.

மேசையில் இரண்டு ஜோடி இருந்தன. ஒன்று பெரியது, தேக்கு நிறம். இன்னொன்று சிறியது, கறுப்பு, அடையாளம் சொல்ல ஒன்றும் இல்லாதது.

ஜெனோவா பென் டிரைவை வாங்கினாள். போன வார அறிவிப்பைப் பெரியதில் போட்டாள்.

அறை நிறைந்தது. தன் குரலா இது என்று பேச்சித்தாய்க்குக் கண் விரிந்தது. வாக்கியம் முடிகிற இடத்தில் 'ம்' என்று ஒரு ரீங்காரம், கோயில் மணி அடித்து ஓய்ந்த மாதிரி.

"இதுதான் டீச்சர்! இதையே எடுத்துக்கிடுதேன்."

"என்ன கேட்டுச்சு?"

"ஆற்றில் இறங்க வேண்டாம்."

"கேட்டுச்சா, உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

டீச்சர் இப்படி ஒன்று கேட்டால் நாலு நாள் தூக்கம் போய்விடும் என்று பேச்சித்தாய்க்குத் தெரியும்.

ஜெனோவா அதையே கறுப்பில் போட்டாள்.

குரல் வற்றிப்போய் வந்தது. மூச்சு இழுப்பது கேட்டது. ஃபேன் சுற்றுவது கேட்டது. பக்கத்து வீட்டு குக்கர் கேட்டது. 'பொதுமக்கள் ஆற்றில் இறங்க' வரைக்கும் கேட்டது. பிறகு ஒரு 'ம்'. அவ்வளவுதான்.

"சீ, இது மட்டமான ஸ்பீக்கர் டீச்சர். கடைசி வார்த்தையை முழுங்குது."

ஜெனோவா மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "பேச்சியக்கா டீ குடிக்க வேண்டாம்" என்று பதிவு செய்து, அதே கறுப்பு ஸ்பீக்கரில் போட்டாள்.

வேண்டாம் என்பது வெட்டிவைத்த மாதிரி வந்து விழுந்தது.

பிறகு பேச்சித்தாயின் முன்னால் கடைப் பையன் வைத்துவிட்டுப் போயிருந்த டீயை எடுத்துத் தானே குடித்தாள்.

"டீச்சர், அது எனக்கு வாங்கினது."

"வேண்டாம்னு ஸ்பீக்கர் சொல்லிருச்சே."

பேச்சித்தாய் சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது.

"அப்போ முழுங்குனது ஸ்பீக்கர் இல்லையா?"

ஜெனோவா டம்ளரை வைத்துவிட்டு மைக்கைத் திருப்பினாள். "பேசுங்க."

பேச்சித்தாய் பேசினாள். கறுப்பில் போட்டார்கள். கடைசி வார்த்தை இல்லை.

"மூச்சு பத்தலையோ டீச்சர்?"

"மறுபடி."

இந்தத் தடவை ஜெனோவா ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. மைக்கையும் பார்க்கவில்லை. பேச்சித்தாயின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசி முடித்ததும் கேட்டாள். "சாப்பிட உக்காந்தா, போதும்னு எப்படிச் சொல்லுவீங்க?"

இது என்ன கேள்வி? "வேண்டாம்னு சொல்லுவேன்."

"சொல்லிக் காட்டுங்க."

பேச்சித்தாய் இல்லாத இலைக்கு மேலே கையைக் குறுக்கே விரித்தாள்.

"சொல்லுங்கக்கா."

"சொல்லிட்டேனே."

சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்தாள். முப்பது வருஷமாக அந்தக் கைதான் சொல்லிக்கொண்டிருந்தது. பந்தியில், கடையில், கொழுந்தன் வீட்டில், எங்கேயும். வாய் ஒரு 'ம்' போட்டுவைக்கும். மைக் முன்னாலும் அதே கை அந்த இடம் வந்ததும் தானாக எழுந்து ஆற்றுக்குக் குறுக்கே நின்றிருக்கிறது.

"குழாய்க்குக் கை தெரியாதுக்கா" என்றாள் ஜெனோவா.

மணி மூன்று.

ஜெனோவா கறுப்பு ஸ்பீக்கர் இரண்டின் ஒயரையும் பிடுங்கினாள். ஒன்றைப் பேச்சித்தாயின் வலது இடுப்பில் இடுக்கக் கொடுத்தாள். இன்னொன்றை இடது இடுப்பில்.

"டீச்சர், கனக்குது!"

"விட்டுராதீங்க. பேசுங்க."

பேச்சித்தாய் இடுப்புக்கொரு பிள்ளையை இடுக்கிக்கொண்டவள் போல நின்றாள். 'பொதுமக்கள் ஆற்றில் இறங்க' என்றாள். கை எழப் பார்த்தது. எழ முடியவில்லை. சொல் எங்காவது போக வேண்டுமே, தொண்டைக்கு வந்தது.

"வேண்டாம்!"

அவளே திடுக்கிட்டாள். வலது ஸ்பீக்கர் நழுவப் பார்த்தது. முழங்காலைத் தூக்கி அதைத் தாங்கிக்கொண்டாள்.

ஜெனோவா ஸ்பீக்கர்களை வாங்கி மேசையில் வைத்து, ஒயரைச் செருகிப் போட்டாள். மூச்சு கேட்டது. ஃபேன் கேட்டது. வேண்டாமும் கேட்டது.

"எந்த ஜோடிக்கா வேணும்?"

"முழுங்குறது" என்றாள் பேச்சித்தாய். "என் பேரைப் போர்டுல எழுதுச்சே, அதுதான்."

டீச்சர் என்றால் இவளல்லவா டீச்சர் என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள். வயசு கிடக்கட்டும். பதினைந்து பேர் பதினைந்து மாதிரி சொன்னார்கள், மைக்கை மாற்று, தொண்டைக்கு மிளகு போடு, திருஷ்டி கழி என்று. கையைப் பார்த்தவள் ஒருத்திதான்.

ஸ்பீக்கரை அப்புறம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, பென் டிரைவை வாங்கிக்கொண்டு கதவு வரைக்கும் போனாள். நின்றாள்.

"டீச்சர்."

"ம்?"

"இன்னைக்குச் சொல்லிட்டேன். ஆட்டோ மேட்டுல ஏறும்போது இன்ஜின் சத்தத்துல அந்தக் கடைசி வார்த்தை போயிருச்சுன்னா?"

ஜெனோவா போய்த் தெருப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். பஸ் சத்தம், காய்கறி வண்டி, பள்ளிக்கூட மணி எல்லாம் உள்ளே வந்தன.

பேச்சித்தாய் திரும்பி வந்தாள். அறிவிப்பை எழுதிக் கொடுத்திருந்த தாளை மேசையில் விரித்தாள். பேனாவை எடுத்து, வாக்கியத்தின் கடைசி வார்த்தையைச் சுற்றி வட்டம் போட்டாள். அந்த வட்டத்திலிருந்து ஒரு கோடு இழுத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். கடைசியிலும் அது இருக்கட்டும் என்று அடிக்காமல் விட்டாள்.

கேட்காமலே ஒயர்களைப் பிடுங்கி, கறுப்பு ஸ்பீக்கர் இரண்டையும் இரண்டு இடுப்பிலும் ஏற்றிக்கொண்டாள்.

ஜெனோவா பதிவு பட்டனை அழுத்தினாள்.

"வேண்டாம்!" என்றாள் பேச்சித்தாய்.

கீழே தெருவில், துணி மூட்டையோடு ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒருத்தி சட்டென்று நின்று மேலே பார்த்தாள்.

"என்னக்கா வேண்டாம்?"

ஸ்பீக்கர்களை இறக்கி வைக்காமல், பேச்சித்தாய் மீதியைச் சொன்னாள்.