இலையோரத்துக் கறிவேப்பிலை

அந்தக் காலத்தில் மரங்களெல்லாம் வாய் திறந்து பேசும். கறிவேப்பிலையும் பேசும். ஆனால் அதை யாரும் அடுப்பங்கரைப் பக்கம் சேர்த்ததில்லை. கொல்லையில் நின்று ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்கும்.

மலையடிவாரத்தில் பாவாயி என்றொருத்தி இருந்தாள். அவள் கணவன் சடையன் சித்திரையில் தேனெடுக்கப் போனவன், திரும்பவில்லை. செத்துப்போனான் என்றது ஊர். வருவான் என்று கைக்குழந்தையோடு காத்திருந்தாள் அவள்.

ஆடி நோம்பி வந்தது. அன்று வாசலுக்கு யார் வந்தாலும் உட்காரவைத்துப் பரிமாற வேண்டும், யார் எவர் என்று கேட்கக்கூடாது. பாவாயியிடம் இருந்தது ஒரு பிடி கொள்ளு, கொஞ்சம் புளி, நாலு மிளகு. ஏழை வீட்டு ரசத்தில் தண்ணீருக்கா பஞ்சம்? கொள்ளு வெந்த நீரில் புளியைக் கரைத்து, மிளகைத் தட்டிப் போட்டு, சட்டி நிறைய ரசம் வைத்தாள்.

உச்சிவேளையில் விருந்தாளிகள் வரிசையாக வந்தார்கள். கடைசி ஆள் சடையன். பாவாயி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். கை ஆற்றுக்கல் மாதிரி சில்லென்றிருந்தது. அந்த வெயிலில் வந்தும் ஒருவருக்கும் வியர்க்கவில்லை. நிழலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமென்றால், உச்சி வெயிலில் யாருக்குத்தான் நிழல் விழுகிறது?

கொல்லைக்குப் போனவளைக் கறிவேப்பிலை கூப்பிட்டது. நோம்பிக்கு வருகிறவர்கள் எல்லாரும் உயிரோடிருப்பவர்கள் அல்ல என்றது. செத்தவர்கள் ஒரு கரண்டி குடித்துவிட்டுப் போய்விடுவார்களாம். மறு கரண்டி ஊற்றினால் வீட்டிலிருந்து ஓர் உயிரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்களாம். குழந்தை இருந்தால் முதலில் குழந்தையை.

"என்னெக் கிள்ளி ரசத்துல போடு. உசுருள்ள நாக்கு எலையத் தள்ளி வெச்சிரும். செத்த நாக்குக்கு ரசமும் ஒண்ணுதான், எலையும் ஒண்ணுதான்."

கிள்ளிப் போட்டாள். எல்லாருக்கும் தொன்னையில் ஊற்றினாள். குழந்தையை மடியில் வைத்து ஒரு வாய் புகட்டினாள். அது முகத்தைச் சுளித்து இலையை நாக்கால் வெளியே தள்ளியது. விருந்தாளிகள் தலை நிமிராமல் குடித்தார்கள். ஒருவர் தொன்னையிலும் இலை மிஞ்சவில்லை. சடையனுடையதை அவள் கடைசியாகத்தான் பார்த்தாள். அதுவும் காலியாக இருந்தது.

"இன்னொரு கரண்டி ஊத்து, பாவாயி."

அதே குரல், அதே சிரிப்பு. குழந்தை அப்பனைப் பார்த்துக் கையை நீட்டியது. பாவாயி கரண்டியை எடுத்துவிட்டாள். ஊற்றிவிடலாமென்றுதான் இருந்தது அவளுக்கு. மடியில் கிடந்த எச்சில் இலை கண்ணில் பட்டது. பாதிக்குமேல் இருந்த ரசத்தைச் சட்டியோடு அடுப்பில் கவிழ்த்தாள். போயிட்டு வாங்க என்று சொல்ல வந்த வாயையும் அடக்கிக்கொண்டாள்.

"தீந்து போச்சு மாமா. போங்க."

புகை அடங்கியபோது வாசலில் யாருமில்லை. பாவாயி அன்றைக்குத்தான் கணவனுக்காக வாய்விட்டு அழுதாள்.

கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிவிட்டார்கள் என்று குறைப்படுகிறவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. அன்று முதல்தான் ரசத்தில் கறிவேப்பிலை விழுகிறது, சாப்பிடுகிறவர்கள் அதை இலையோரம் எடுத்து வைக்கிறார்கள், பரிமாறுகிறவள் மறு கரண்டி ஊற்றுமுன் அந்த ஓரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள்.