ஃப்ளெக்ஸுக்கு நாலு வரி

முதலாண்டு எழுத்துப் பயிற்சி வகுப்பின் முதல் நாள். மாலைக் கல்லூரி என்பதால் பகலெல்லாம் எங்கேயோ உழைத்துவிட்டு வந்த முகங்கள். ஆட்டோ ஓட்டும் செல்வின்தான் முதலில் கையைத் தூக்கினான்.

"மிஸ், நல்லா எழுதறதுக்கு ஏதாவது வழி சொல்லிக் குடுங்க. பத்து பாயிண்டா சொன்னாக்கூடப் போதும்."

ஆசிரியை ஆரிஃபாவுக்கு இருபத்தேழு வயது. வகுப்பில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள்.

"எழுதிட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்."

பேனாவைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு ஏமாற்றமாகப் போயிற்று.

வகுப்பு முடிந்ததும் சீனியம்மாள் மட்டும் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். நாற்பத்து மூன்று வயது. வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள்.

"உட்காருங்கக்கா," என்றாள் ஆரிஃபா.

"இருக்கட்டும் மிஸ்." மகனுடைய வாத்தியார்கள் முன்னால் நின்று நின்றே பழகிய கால்கள். "எனக்கு டிகிரியெல்லாம் வேணாம். நாலு வரி எழுதணும். அதுக்குத்தான் சேர்ந்தேன்."

அவளுடைய ஒரே மகன் முனீஸ், போன ஐப்பசியில் கண்மாயில் மூழ்கிப் போனான். பதினேழு வயது. சொந்தக்காரர்கள் சேர்ந்து தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 'மலரும் முன்னே உதிர்ந்த மொட்டே' என்று தொடங்கி நாலு வரி. அதை யோசித்துப் படிக்கிற நிலையில் அவள் அப்போது இல்லை. ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டு பக்கம் போனபோது இன்னொரு ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். எண்பத்திரண்டு வயது ரைஸ்மில் முதலாளியின் படம். கீழே அச்சுப் பிசகாமல் அதே மொட்டு, அதே நாலு வரி.

பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கத்தானே செய்வார்கள். அவளுக்கோ, சாவில்கூடப் பிள்ளைக்கென்று ஒன்று இல்லாமல் போயிற்றே என்று இருந்தது.

"வர்ற ஐப்பசியில வருஷம் திரும்புது. இந்த வாட்டி அவனுக்குன்னே நாலு வரி வேணும். நீங்களே எழுதிக் குடுத்துருங்க மிஸ், புண்ணியமாப் போகும்."



"நான் அவனைப் பார்த்ததில்லையேக்கா," என்றாள் ஆரிஃபா.

அடுத்த வாரம் சீனியம்மாள் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருந்தது. முன்னுரையில், தாய்க்கு மகன் கண்ணின் மணி போன்றவன். முடிவுரையில், எனவே நீர்நிலைகளில் கவனமாக இருந்து விலைமதிப்பில்லா உயிரைக் காப்போமாக. பள்ளிக்கூடத்தில் வாங்கின பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா? முனீஸுக்குக் கட்டுரை ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். அவன் முடிவுரையைத்தான் முதலில் மனப்பாடம் செய்வான். "எல்லாக் கட்டுரைக்கும் அது பொருந்தும்மா," என்பான்.

ஆரிஃபா படித்துவிட்டு செல்வினைக் கூப்பிட்டாள்.

"இதைப் படிங்கண்ணே."

அவன் நின்றபடியே படித்து முடித்தான்.

"இந்தப் பையன் நாளைக்கு உங்க ஆட்டோவில ஏறினா, இவன்தான்னு கண்டுபிடிப்பீங்களா?"

செல்வின் தலையைச் சொறிந்தான். சீனியம்மாளைப் பார்க்க அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

"அன்பானவன், அடக்கமானவன்னு போட்டுருக்கு... அப்படி தினம் நாப்பது பேர் ஏறுறாங்களே மிஸ்."

சீனியம்மாளுக்குச் சுருக்கென்றது. "செத்துப்போன பிள்ளைக்கு நடுவீதியில நின்னு அடையாளம் சொல்லணுமா?" என்று கத்திவிட்டாள். ஆரிஃபா நோட்டை நீட்டினாள். மார்க் எதுவும் போட்டிருக்கவில்லை.

பத்து நாள் அவள் வகுப்புப் பக்கமே போகவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே அந்தச் சின்னப் பெண்ணை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். திட்டி அலுத்த ஒரு மத்தியானம், கண்மாய்க்கரையிலிருந்து எடுத்துவந்து கட்டிலுக்கடியில் போட்டிருந்த முனீஸின் செருப்பு கண்ணில் பட்டது. இடது செருப்பின் குதிகால் காகிதம்போலத் தேய்ந்திருந்தது. வலதில் தேய்மானமே இல்லை. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு நோட்டை எடுத்தாள்.

இந்த முறை அடிக்கோடு ஒன்றும் இல்லை. காலைத் தேய்த்து நடக்கிற நடை. வலது புருவத்தில் முடி முளைக்காத தழும்பு. வெள்ளைச் சட்டையில் மூன்றாவதாக ஒரு நீலப் பித்தான், அவசரத்தில் அவளே தைத்தது. 'இந்தா வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வருகிற வழக்கம். கடைசியாக, அன்று காலை குளிக்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனது.

செல்வின் படிக்கும்போதே ஓரிடத்தில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"கண்டுபிடிச்சிருவேன் மிஸ். திரும்பிப் பார்க்கவே வேணாம், செருப்புச் சத்தமே போதும்."

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து அவள் பிள்ளையை ஒருத்தன் பார்த்துவிட்டான். சீனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. தாங்க முடியாமலும் இருந்தது.

ஆரிஃபா மட்டும் நோட்டை மூடவில்லை.

"கடைசி நாள் காலையில அவன்கூட வீட்டுல இன்னொருத்தங்க இருக்காங்கக்கா. அவங்க முகம் தெரியலை."

"அது நான்தான மிஸ். அம்மா."

"அம்மான்னு மட்டுந்தான் எழுதியிருக்கு."

சீனியம்மாள் வெடுக்கென்று நோட்டைப் பிடுங்கினாள்.

"ஃப்ளெக்ஸுக்கு அதெல்லாம் எதுக்கு?"

"ஃப்ளெக்ஸுக்கு வேணாம்," என்றாள் ஆரிஃபா.

ஐப்பசி பிறந்தது. ஃப்ளெக்ஸ் கடையில் படமும் பெயரும் இரண்டு தேதிகளும் கொடுத்தாள். கீழே போட ஒரே ஒரு வரி: 'இடது செருப்பு மட்டும் தேய நடப்பான்.'

கடைக்காரர் இரண்டு தடவை படித்தார். "இது கவிதையாக்கா?"

"இல்லை. என் மகன்."

தெருமுனையில் அதைக் கட்டியதும் முனீஸின் சேக்காளிகள் நாலு பேர் வந்தார்கள். படத்தைப் பார்த்துச் சும்மா நின்றவர்கள், வரியைப் படித்ததும் உடைந்து அழுதார்கள். அவள் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். வந்த வேலை முடிந்தது. இனிமேல் கல்லூரிக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

மறுநாள் போனாள். வகுப்பு கலையும்வரை காத்திருந்து, நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள். ஒரு பக்கத்தில் பாதிதான் எழுதியிருந்தாள்.

அன்று காலை ஒரு கல்யாண ஜாக்கெட்டை அயர்ன் பண்ணச் சொல்லி அவனிடம் கொடுத்திருந்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டே பெட்டியை வைத்துப் பட்டுத்துணியைக் கருக்கிவிட்டான். என் கண்ணு முன்னால நிக்காத, எங்கிட்டாவது போ என்றாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. செருப்புச் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. அவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. போலீஸ் கேட்டபோது, குளிக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போனான் என்றாள். சொந்தக்காரர்களிடமும் அதையேதான் சொன்னாள்.

அவ்வளவுதான் எழுதியிருந்தது.

ஆரிஃபா படித்தாள். திரும்ப ஒருமுறை படித்தாள். பேனாவைத் தொடவே இல்லை.

"இந்தப் பொம்பளையைக் கண்டுபிடிக்க முடியுதா மிஸ்?"

"முடியுதுக்கா."

சீனியம்மாள் கேட்க வந்ததைக் கேட்காமல் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

"அவ உங்க எதிர்ல வந்து நின்னா என்ன சொல்வீங்க?"

ஆரிஃபா எழுந்துபோய் ஒரு நாற்காலியை இழுத்துவந்து அவள் பக்கத்தில் போட்டாள்.

"உட்காரச் சொல்வேன்," என்றாள்.