திறந்தே பார்க்காத பச்சோந்தி

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், ஆம்பல் என்றொரு நீர்நாய் இருந்தது. அந்தக் காட்டிலேயே பொறுப்பான வேலை அதனிடம்தான் இருந்தது. மலை உச்சியில் குடியிருக்கும் நாரை, அங்கே மழை கொட்டினால் உடனே ஆம்பலின் லேப்டாப்புக்குச் செய்தி அனுப்பும். ஆம்பல் அதைப் பார்த்ததும் கரையோரம் ஓடி, வளைகளில் இருக்கும் முயல்களை மேட்டுக்குக் கிளப்பிவிடும். பிறகு வெள்ளம் வந்தால் வரட்டும், காலி வளைக்குள் நுழைந்துவிட்டுப் போகட்டும்.

அந்த வருஷம் பழைய லேப்டாப் மண்டையைப் போட்டுவிட்டது. மழைக்காலம் வருவதற்குள் புதிது வாங்கியாக வேண்டும். சந்தையில் இருந்த கடைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கி விசாரித்தது ஆம்பல்.

மயில் மார்க் பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆனால் பழுதானால் அடுத்த காட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். எப்போது திரும்பி வரும் என்று மயிலுக்கே தெரியாதாம். ஆமை மார்க் செங்கல் மாதிரி கனத்தது. வாரண்டி உண்டா என்று கேட்டதற்கு, "இரண்டு வருஷம். பழுதானால் கொண்டு வா" என்று சொல்லிவிட்டு, யாருடையதோ ஒரு லேப்டாப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஆமை குனிந்துவிட்டது. வாங்க வந்தவரிடம் முகம் கொடுத்துப் பேசக்கூட இதற்குத் தெரியவில்லையே என்று ஆம்பலுக்குச் சலிப்பு வந்தது.

நரிக் கடையில் வாசலிலேயே வரவேற்பு. உட்கார இலை விரித்தது நரி. இளநீர் கொடுத்தது. வார்த்தைக்கு வார்த்தை அக்கா போட்டது.

"ஐந்து வருஷ வாரண்டி அக்கா. எதுவானாலும் எங்கள் பொறுப்பு. எந்த நேரம் கூப்பிட்டாலும் கிளி போனை எடுக்கும்."

"நான் ஆற்றங்கரையில் இருக்கிறேனே, பரவாயில்லையா?"

"ஆற்றுக்குள்ளேயே இருந்தாலும் கவலைப்படாதே அக்கா."

ஆம்பல் அங்கேயே வாங்கிவிட்டது. அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் பிள்ளைகளே. நம் வீட்டிலும் இப்படித்தான் வாங்குகிறோம்.

மலைப்பக்கம் மேகம் கறுக்கத் தொடங்கிய நாளில், நரி மார்க் லேப்டாப் கண்ணை மூடிக்கொண்டது. ஆம்பல் தட்டிப் பார்த்தது, தடவிப் பார்த்தது, சார்ஜில் போட்டுப் பார்த்தது. ஊஹூம். திறந்து பார்க்கலாம் என்றால், முதுகில் நரி ஒட்டிய முத்திரை இருந்தது. அது கிழிந்தால் வாரண்டி போய்விடும். சரி, கிளிக்குப் போன் செய்வோம் என்று கூப்பிட்டது.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றது கிளி. அதன்பின் பாட்டுப் போட்டது. பாட்டு முடிந்ததும் மறுபடி அதையே சொன்னது. ஒருவழியாக ஆம்பல் தன் குறையைச் சொன்னபோது, மூடிவிட்டுத் திறக்கச் சொன்னது. மூடித் திறந்தாயிற்று என்றால், இன்னொரு தடவை மூடித் திறக்கச் சொன்னது. கடைசியில், கடையின் பின்வாசலுக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் ஆம்பல் ஓடியது. பின்வாசல் முட்புதருக்குப் பின்னால் இருந்தது. அங்கே இலையும் கிடையாது, இளநீரும் கிடையாது. நீண்ட வரிசை வெயிலில் நின்றுகொண்டிருந்தது. பழுது பார்க்கும் அதிகாரியாக ஒரு பச்சோந்தி உட்கார்ந்திருந்தது. முன்வாசலில் பச்சைப்பசேல் என்று சிரிக்குமாம் அது. இங்கே பட்ட கட்டையின் நிறத்தில் இருந்தது.

ஆம்பல் லேப்டாப்பை எடுத்து வைத்தது. பச்சோந்தி அதைத் தொடவில்லை. ஆம்பலின் காலைப் பார்த்தது.

"நீர்நாய்தானே? தண்ணீர் பட்டிருக்கிறது. வாரண்டி செல்லாது."

"ஒரு சொட்டுகூடப் படவில்லை ஐயா. உலர்ந்த பாறைப் பொந்தில்தான் வைத்திருந்தேன். திறந்து பாருங்கள்."

"திறக்க வேண்டியதில்லை. உன்னைப் பார்த்தாலே தெரிகிறது. அடுத்து யார்?"

ஆம்பலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் நீர்நாயாகப் பிறந்ததா குற்றம்? பணத்தை வாங்கும்போது தெரியாத நீர்நாய் இப்போதுதான் தெரிகிறதா? அது நகராமல் ஓரமாக நின்றது. அடுத்து வந்தது அணில். பச்சோந்தி அணிலின் பல்லைப் பார்த்துவிட்டு, கடித்திருப்பாய், செல்லாது என்றது. முள்ளம்பன்றியிடம் முள் குத்தியிருக்கும் என்றது. கரடியிடம் தேன் வழிந்திருக்கும் என்றது. பாவம், அந்தக் கரடிக்குத் தேனே ஆகாது. ஒரு லேப்டாப்பைக்கூடப் பச்சோந்தி திறக்கவில்லை.

திரும்பிய எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ஆம்பல் அவர்களை முட்புதர் ஓரம் மடக்கி, காதோடு காதாக ஒரு யோசனை சொன்னது. பிறகு நேரே முன்வாசலுக்குப் போனது.

அங்கே யானைத் தலைவர் தன் கூட்டத்துக்கே மொத்தமாக லேப்டாப் வாங்க வந்திருந்தார். நரி குழைந்துகொண்டிருந்தது. ஆம்பலைக் கண்டதும், இந்த அக்காகூட எங்கள் மார்க்தான் வைத்திருக்கிறார், கேட்டுப் பாருங்கள் என்று தானே இழுத்து விட்டது. பின்வாசலில் யார் என்ன பாடுபடுகிறார்கள் என்று அது எட்டிப் பார்த்தால்தானே தெரியும்.

ஆம்பல் யானையின் காதருகே போய், "வாங்குவதற்கு முன்னால் என்னோடு பின்வாசல் வரை வாருங்கள் அண்ணா. சத்தம் போடாமல் வாருங்கள்" என்றது.

யானை வந்து புதருக்கு இந்தப் பக்கம் நின்றது. முதலில் அணில், ஆம்பலின் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு பச்சோந்தியிடம் போனது. வந்தது யார் என்று பச்சோந்தி பார்க்காது. என்ன பிராணி என்று மட்டும்தான் பார்க்கும்.

"அணில். கடித்திருக்கிறாய். செல்லாது."

அணில் அதைக் கொண்டுவந்து புதருக்குள் முள்ளம்பன்றியிடம் கொடுத்தது. முள்ளம்பன்றி அதே லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்தது.

"முள் குத்தியிருக்கிறது. செல்லாது."

பிறகு அதே லேப்டாப்போடு கரடி போனது. தேன் வழிந்திருக்கிறது என்றது பச்சோந்தி. கொட்டாவி வேறு விட்டது.

யானை புதரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது. "ஒரே லேப்டாப். காலையில் அதில் தண்ணீர் பட்டிருந்ததாம். இப்போது அதையே கடித்து, குத்தி, தேனும் ஊற்றிவிட்டார்களா? என் பிள்ளைகள் கொண்டு வந்தால், மிதித்துவிட்டாய் என்பாய். அப்படித்தானே?"

பச்சோந்திக்கு எந்த நிறத்துக்கு மாறுவது என்றே தெரியவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த நரி, ஏதோ சின்னத் தவறு நடந்துவிட்டது, ஆம்பல் அக்காவுக்குப் புத்தம் புதிதாக ஒன்று தந்துவிடுகிறேன் என்று அவசர அவசரமாகச் சொன்னது.

"எனக்கு மட்டும் தந்து வாயை அடைக்காதே. முதலில் இதைத் திற. பிறகு வரிசையில் நிற்கிற எல்லாருடையதையும் திற" என்றது ஆம்பல்.

யானை பார்த்த பார்வையில் பச்சோந்தி முத்திரையைக் கிழித்துத் திறந்தது. உள்ளே ஈரமில்லை, பல்தடமில்லை. ஒரு வயர் சரியாகச் சொருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கடையில் செய்யும்போதே நேர்ந்த கோளாறு. பச்சோந்தி அதை விரலால் அழுத்தியது. அவ்வளவுதான் வேலை. திரை பளிச்சென்று எரிந்தது.

எரிந்த திரையில் நாரையின் செய்தி இருந்தது. முந்தின நாள் அனுப்பிய செய்தி. *மேலே வானம் பிளந்துவிட்டது. நாளை மதியத்துக்குள் வெள்ளம் வந்துவிடும். முயல்களைக் கிளப்பு.*

சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஆம்பல் ஆற்றங்கரைக்கு ஓடியது. யானையும் கரடியும் அணிலும் முள்ளம்பன்றியும் பின்னாலேயே ஓடின. வளை வளையாகக் கத்தி எழுப்பினார்கள். நடக்கத் தெரியாத குட்டிகளை யானை தும்பிக்கையால் அள்ளி முதுகில் ஏற்றியது. கடைசிக் குட்டி ஏறியபோது தண்ணீர் யானையின் முழங்காலைத் தொட்டுவிட்டது. ஒரு முயலும் சாகவில்லை. ஆனால் சேர்த்து வைத்த தீனி, விரித்த படுக்கை, வளைகள் எல்லாவற்றையும் ஆறு கொண்டுபோய்விட்டது.

மறுநாள் நரி என்ன செய்தது தெரியுமா? வெட்கமே இல்லாமல் மேட்டுக்கு வந்து நின்று, "முயல்களைக் காப்பாற்றியது எங்கள் நரி மார்க் லேப்டாப்தான்" என்று கூவியது.

குட்டிகளை அணைத்துக்கொண்டு, நனைந்த ரோமத்தோடு உட்கார்ந்திருந்த தாய் முயல் தலையை நிமிர்த்தியது.

"நேற்றுக் காலையில் ஆம்பல் கேட்டபோதே திறந்து பார்த்திருந்தால், என் பிள்ளைகள் சாப்பாட்டையும் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருப்பார்கள். நேற்றிலிருந்து பட்டினியாகக் கிடக்கிறார்கள். இதையும் உன் கடை வாசலில் நின்று கூவு."

யானைத் தலைவர் நரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஆமைக் கடை இருக்கும் பக்கம் நடந்தார்.

நீதி: விற்கும்போது பேசும் பேச்சைக் கேட்டு ஒரு கடையை நம்பாதே, பழுதோடு வந்தவரை அது எப்படி நடத்துகிறது என்று பார்த்து நம்பு.