சாவி வைத்திருந்தவர் சொல்ல மறந்த சொல்

அந்தக் காலத்தில், அதாவது பறவைகள் மனிதரோடு பேசிய காலமும் மனிதர் ராக்கெட் விட்ட காலமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்த சில ஆண்டுகளில், சங்குத்திட்டு என்னும் கடற்கரையில் ஒரு பறவை வாழ்ந்தது. நீண்ட மஞ்சள் கால்கள், கண்ணுக்கு முன்னால் ஒரு சிவப்புத் தோல். பெயர் கணந்துள். வாயைத் திறக்காத பறவை என்று ஊரில் பெயரெடுத்திருந்தது.

பழம்பாட்டுகளைப் படித்தவர்கள் இந்த இடத்தில் தொண்டையைச் செருமுவார்கள். ராக்கெட்டுக்கு வெகுகாலம் முன்பே இந்தப் பறவை பாலைவழியில் போவோரைப் பார்த்துக் கத்தியிருக்கிறதே என்பார்கள். செருமட்டும். கதைகளுக்குக் காலவரிசை பார்க்கும் வழக்கம் இல்லை.

கணந்துள் அப்போது உடைமரப் புதரில் கூடு கட்டும். அந்தப் புதரின் அடியில்தான் ஓர் உடும்பு குடியிருந்தது. மரியாதை தெரிந்த உடும்பு. ஆண்டுதோறும் முட்டைகளைத் தின்றுவிட்டு, "மைனி, இந்த வருசம் கொஞ்சம் உப்புக் கரிச்சுது" என்று சொல்லிவிட்டுத்தான் போகும். ஒரு குஞ்சின் முகத்தைக்கூடக் கணந்துள் பார்த்ததில்லை.

திட்டின் நடுவே இருந்த மொட்டைவெளி முதலில் உப்பளம். பிறகு பட்டணத்திலிருந்து சிலர் வந்து, பாத்திகளை மூடிக் கான்கிரீட் போட்டு, சுற்றிலும் சரளைக்கல் பரப்பி, அதற்கு ஏவுதளம் என்று பெயர் வைத்தார்கள். ஆளைவிடக் கொஞ்சம் உயரமான ராக்கெட்டுகளை அங்கிருந்து மேலே அனுப்பி, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தார்கள். கணந்துளிடம் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருக்கும்.

ராக்கெட் விடும் நாளில் சங்கு ஊதுவார்கள். ஊதியதும் எல்லோரும் ஓடுவார்கள். இன்ஜினியர்கள், சமையல்காரர், நாய்கள், கடைசியாக வாலைத் தூக்கிக்கொண்டு உடும்பு. கணந்துளும் அதன் கணவனும் பறந்து கண்மாய்க்குப் போய்விடும். தூரத்தில் இடி கேட்கும். மழை வரப்போகிறது என்று நம்பித் திரும்பி வரும்.

"ஏட்டி, அந்த வெட்டவெளியக் கண்டு எல்லாவனும் எதுக்கு ஓடுதான்?" என்று கேட்டது ஆண்பறவை.

"எதுக்கோ ஓடட்டும். உடும்பும் ஓடுதே, அதைப் பாத்தீகளா?"

எல்லோரும் அஞ்சி ஓடும் இடத்தைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா என்று கணந்துள் யோசித்தது. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அந்தப் பங்குனியில் அது கான்கிரீட்டின் ஓரத்துச் சரளையில் ஒரு குழி பறித்து முட்டையிட்டது. புள்ளி போட்ட முட்டைகள் கல்லோடு கல்லாகக் கிடந்தன.

உடும்பு வந்தது. சரளையின் விளிம்பிலேயே நின்றுவிட்டது.

"மைனி, அங்க வேண்டாம்."

"உமக்கு வேண்டாம்னு சொல்லும், கொழுந்தனாரே."

"கேலி பண்ணாதிய. சங்கு ஊதினப்புறம் அங்க நெருப்பு வரும். போன தடவ நான் கொஞ்சம் சுணங்கிட்டேன். பாருங்க." உடும்பு திரும்பி வாலைக் காட்டியது. நுனி கருகியிருந்தது.

கணந்துள் முட்டைகளைத் திரும்பிப் பார்த்தது. அதன் அலகால் முட்டையைத் தூக்க முடியாது. உருட்டினால் உடைந்துவிடும்.

"வேணும்னா நான் பத்திரமா வச்சுக்கிடுதேன்" என்றது உடும்பு.

"எங்க வைப்பீரு?"

உடும்பு தன் வயிற்றைப் பார்த்தது. பிறகு வெட்கப்பட்டோ என்னவோ, உபயோகமான ஒரு செய்தியையும் சொன்னது. கட்டுப்பாட்டு அறையின் அடியில்தான் அது வெயில் நேரத்தில் படுத்திருக்கும். உள்ளே பேசுவதெல்லாம் கேட்கும்.

"நெருப்பு தானா வராது மைனி. அதுக்கு ஒரு சாவி இருக்கு. சேர்மக்கனி அண்ணாச்சி இடுப்புல தொங்குது பாருங்க, அதுதான். தளத்துல ஆளு நிக்கையில எவனும் தெரியாம பத்த வச்சிரக் கூடாதுல்லா? அதனால சாவி அவருகிட்ட. கடைசியா ஒரு சுத்து பாத்துட்டு அவரு வெளிய வந்து, அறையில சாவியப் போட்டுத் திருப்பினாத்தான் நெருப்பு."

"அவரு வெளிய வரலைன்னா?"

"வரலைன்னா வரலை. ராக்கெட் நிக்கும்."

சேர்மக்கனி தளத்தின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர். கனத்த உடம்பு, இளகிய மனசு. முந்தின மாதம் தளத்துக்குள் ஓர் ஆடு புகுந்துவிட, அதற்காக மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

சங்கு ஊதியது. எல்லோரும் ஓடினார்கள். சேர்மக்கனி மட்டும் இடுப்புச் சாவி ஆட, தளத்தைச் சுற்றி வந்தார். அவர் சரளையை நெருங்கும்போது கணந்துள் அவர் காலடியில் விழுந்தது. ஒரு சிறகு தரையில் இழுபட நொண்டியது.

"அடப் பாவமே, றெக்கை ஒடிஞ்சிருக்கே. நில்லு தாயி, நில்லு." அவர் குனிந்தார். பறவை கைக்கு எட்டாத தூரத்துக்கு நொண்டிப்போய் மறுபடி விழுந்தது. அவர் பின்னால் போனார். அது கான்கிரீட்டைச் சுற்றியது. அவரும் சுற்றினார்.

ஒலிபெருக்கி அலறியது. "அண்ணாச்சி, வெளிய வாங்க! காத்து மாறப் போகுது!"

"உள்ள ஒரு உயிரு நிக்குதுவே!"

"என்னது, மறுபடியும் ஆடா?"

"பறவை!"

ஒலிபெருக்கி மேலிடத்தைக் கேட்டு வரப் போனது. கேட்டு வருவதற்குள் காற்று மாறிவிட்டது. அன்றைய ராக்கெட் ரத்து.

சேர்மக்கனி மூச்சிரைக்கக் கான்கிரீட்டில் உட்கார்ந்தார். பறவை எழுந்து இரண்டு சிறகையும் ஒழுங்காக மடித்துக்கொண்டது.

"நடிச்சியா?"

"ஆமா அண்ணாச்சி." அதுதான் அது மனிதரிடம் பேசிய முதல் பேச்சு. பிறகு அவரை அழைத்துப்போய் முட்டைகளைக் காட்டியது. முட்டை எது, கல் எது என்று அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் வைத்திருந்த காலை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தார்.

"மேலிடத்துக்கு நான் என்னத்தச் சொல்ல?"

"காத்து சரியில்லன்னு சொல்லுங்க. எப்பவும் அதைத்தான சொல்லுதிய."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. உன் பிள்ளையள் எந்திரிச்சு நடக்குற வரைக்கும் காத்து சரியில்ல. ஆனா நீயும் எனக்கு ஒரு வேலை பாக்கணும். இந்தத் தளத்துக்குள்ள எவன் கால வச்சாலும் கத்தி விரட்டு. ஆடு, நாய், டைரக்டர், ஆரா இருந்தாலும்."

"எனக்குக் கத்தத் தெரியாதே."

"பிள்ளை பெத்தவளுக்குத் தன்னால வரும்."

"எதுவரைக்கும் கத்தணும்?"

"நான் வந்து போதும்னு சொல்லுத வரைக்கும்."

கணந்துள் வாக்குக் கொடுத்தது.

குஞ்சுகள் பொரிந்தன. பஞ்சுருண்டைக்குக் கால் முளைத்ததுபோல் சரளையில் ஓடி, புல்லுக்குள் போயின. ராக்கெட் பிறகுதான் போனது. கணந்துள் கத்தக் கற்றுக்கொண்டது. ஆடுகள் ஓடின. டைரக்டர் ஒருமுறை தொப்பியை விட்டுவிட்டு ஓடினார்.

ராக்கெட்டுகள் வளர்ந்தன. தளம் வளரவில்லை. வடக்கே வேறொரு கரையில் பெரிய தளம் கட்டினார்கள். கிரேன் போனது, ஒலிபெருக்கி போனது, வேலிக் கம்பிகூடச் சுருட்டப்பட்டுப் போனது. சாவியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். சேர்மக்கனிக்குச் சால்வை, மாலை, மிக்சர், டீ. ஜீப் பாதிவழி போனதும் எதையோ மறந்துவிட்டோமே என்று அவருக்கு உறுத்தியது. இடுப்பைத் தடவிப் பார்த்தார். சாவி இல்லை. அதுதான் உறுத்தல் என்று முடிவு செய்து தூங்கிப்போனார்.

அதன்பின் தளத்தில் நெத்திலி காயப் போட்டார்கள். பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். கல்யாண ஜோடிகள் துருப்பிடித்த கோபுரத்தில் சாய்ந்து போட்டோ எடுத்தார்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் கணந்துள் சுற்றிக் கத்தியது.

"மைனி, இனி ராக்கெட்டே கிடையாது. எதுக்குத் தொண்டையப் புண்ணாக்குதிய?" என்றது வயதாகிவிட்ட உடும்பு.

"அண்ணாச்சி வந்து போதும்னு சொல்லலையே."

அதன் மகள்களும் இதையே கற்றன. தளம் போதாமல் கண்மாய்க்கரைக்கும் தரிசுக்கும் பரவின. ஊரார் பழைய பெயரை மறந்து ஆட்காட்டி என்று அழைத்தார்கள்.

அந்த நாள் தொட்டுத்தான் ஆட்காட்டி மரத்தை விட்டு வெறுஞ்சரளையில் முட்டையிடுகிறது. வெட்டவெளியில் யார் கால் வைத்தாலும் கத்திக்கொண்டே கூட வருகிறது. கொஞ்ச தூரம் வந்ததும் தாழப் பறந்து, வந்தவர் இடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது.