ரெமி விமானத்தின் கண்ணாடி மூடி

கடலோரத்துல ஒரு ஊர். அந்த ஊர்ல ஒரு வீட்டு மேசை மேல ஒரு விமானம் நின்னுச்சு. பறக்குற விமானம் இல்ல. பெட்டியில துண்டு துண்டா வர்ற பிளாஸ்டிக்கை ஒட்டி, சாயம் பூசிச் செய்யுறது. முழங்கை நீளம் இருக்கும். ம் சொல்லு... ம்.

அதைச் செய்ய ஆரம்பிச்சவன் ரெமி. வடக்க விமானம் ஓட்டப் பழகப் போனவன். லீவுல வந்தப்போ, தான் ஓட்டுற அதே மாதிரி விமானத்தை வாங்கி வந்து ஒட்டினான். எல்லாம் முடிஞ்சுது. ஓட்டுறவன் தலைக்கு மேல கவிழ்க்குற, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி மட்டும் பாக்கி. அதைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, அடுத்த லீவுல மாட்டுறேன்னு டப்பாவுல போட்டு வச்சுட்டுப் போனான். அப்புறம் அவன் வரல. அவன் ஓட்டின நிஜ விமானம் ஒரு வயக்காட்டுல விழுந்துடுச்சு.

துக்கத்துக்கு வந்த யாரோ ஒருத்தர், மூடி திறக்கலையாம், உக்காந்தபடியே போயிட்டானாம்னு பேசிட்டாங்க. அது அவன் அம்மா செல்வராணி காதுல விழுந்துச்சு. அன்னையிலிருந்து அவ படுக்கவே இல்ல. நாற்காலியில உக்காந்தபடியே கண்ணை மூடுவா. கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. படுங்கம்மான்னு யார் சொன்னாலும் ஒரே பதில்தான்.

"பிள்ள உக்காந்தே கெடக்கான். நான் காலை நீட்டவா?"

ரெமிக்கு ஒரு தங்கச்சி, அமலி. தையல் கடையில பட்டன் துளைக்குக் காஜா எடுக்குறவ. அண்ணன் போய் வருசம் திரும்புறப்போ சர்ச்சுல வைக்கிற வருசப் பூசைக்குள்ள விமானத்தை முடிக்கணும்னு நினைச்சு அம்மாகிட்ட சொன்னா. அந்தக் கண்ணாடியை மூடி வைக்கிறதா இருந்தா என் கண்ணுல காட்டாதன்னு அம்மா சொல்லிட்டா. அப்போ அமலி, திறந்து வச்சா பார்ப்பீங்களான்னு கேட்டா. அம்மா திரும்பி, ஒரு வருசமா பார்க்காத அந்த மேசைப் பக்கம் ஒரு தடவை பார்த்தா.

ஆனா பாரு, மூடி வந்தது ஒரே துண்டு. முன் கண்ணாடியும் பின்னால நகர்ற பாகமும் சேர்த்து வார்த்தது. திறந்து வைக்கணும்னா ரெண்டா அறுக்கணும். உடைஞ்சா வேற கிடையாது, அந்தப் பெட்டி இப்போ வர்றதே இல்லையாம். முழிச்சிருக்கியா? ம்.

முதல்ல அமலி ஒரு பிளாஸ்டிக் மிட்டாய் டப்பா மூடியில பழகினா. கத்தியை அழுத்தினா, டிக். குறுக்கே விரிசல். அப்புறம் சின்ன ரம்பத்தால அறுத்தா. கிர் கிர் கிர்... ஓரமெல்லாம் உருகிப் பிசிறு தட்டிடுச்சு. மூணாவதா, ஒரு டேப் ஒட்டி, கீறுற கோட்டுக்கு அடியில மட்டும் களிமண் வச்சு, கத்தியோட பின்முனையால இழுத்தா. அழுத்தவே இல்ல. சர்... சர்... சர்... போன தடத்துலயே திரும்பத் திரும்ப. அது சரியா வந்துச்சு. அப்போதான் அண்ணனோட மூடியை இடுக்கியால எடுத்தா. மூச்சை அடக்கிக்கிட்டு, சர்... சர்... சர்... ரெண்டா வந்துடுச்சு. ஒரு கீறல் இல்ல.

அப்புறம்தான் தப்பு நடந்துச்சு. ஒரு சொட்டுல ஒட்டுமே, அந்தப் பசையால முன் கண்ணாடியை ஒட்டினா. தூசி விழக்கூடாதுன்னு, மற்ற துண்டையும் பக்கத்துல வச்சு, ஒரு டப்பாவைப் போட்டுக் கவிழ்த்து மூடிட்டா. அந்தப் பசையோட ஆவி கண்ணாடிக்கு ஆகாதுன்னு அவளுக்குத் தெரியாது.

விடிஞ்சுது, அன்னைக்குத்தான் வருசப் பூசை. டப்பாவைத் தூக்கினா, கண்ணாடி முழுக்கப் பால் ஆடை படிஞ்ச மாதிரி வெள்ளை. அமலி அழல. பற்பசையும் துணியும் எடுத்து முன் கண்ணாடியைத் தேய்ச்சா. தேய்ச்சுத் தேய்ச்சு அது தெளிஞ்சுது. அடுத்த துண்டை எடுக்குறா, அப்போ கோயிலுக்குக் கிளம்பின அம்மா, நேரமாச்சுன்னு கூப்பிட உள்ள வந்தா. அவ கண்ணு அந்தத் துண்டுல நின்னுடுச்சு.

"துடைக்காத, துணியை எடு, ஏளா."

கண்ணாடித் துண்டை வாங்கி ஜன்னல் பக்கம் பிடிச்சா. வெள்ளைக்கு நடுவுல ஒரு பெருவிரல் ரேகை. கோடு கோடா, சுத்தமா. குறுக்கே ஒரு வெட்டு. ஆறாவது படிக்கையில சங்கு உடைக்கப் போய் ரெமி வாங்கின வெட்டு அது.

"நீ தொட்டியா?"

"இல்லம்மா. இடுக்கியாலதான் எடுத்தேன்."

அம்மா விரலால வெளிப்பக்கம் தடவிப் பார்த்தா. ரேகை அங்க இல்ல. உள்பக்கம் இருந்துச்சு.

"உள்ள இருந்துலா கை வச்சிருக்கான்," அம்மா மெதுவா சொன்னா. "மூடியைத் தள்ளியிருக்கான்."

அண்ணன் அதைத் திருப்பிப் பார்க்கையில பெருவிரல் உள்ள பட்டிருக்கும், அந்தப் பிசுக்குல பசையோட ஆவி படிஞ்சு ரேகை எழும்பியிருக்கும். அமலிக்கு அது தெரியும். சொல்ல வாயைத் திறந்தா. அம்மா முகத்தைப் பார்த்தா. சொல்லல.

ரேகையைத் துடைக்காம, அந்தத் துண்டைப் பின்னால தள்ளி, விமானம் திறந்திருக்குற மாதிரி வச்சா. இந்தத் தடவை வேற பசை. உள்ள இருந்த சின்ன இருக்கை காலியாத் தெரிஞ்சுது. அம்மா குனிஞ்சு ரொம்ப நேரம் அதையே பார்த்தா.

"இறங்கிட்டான்"னு சொன்னா.

பூசைக்குப் போனாங்க, வந்தாங்க. வந்ததும் அம்மா பரண்ல இருந்த பாயை எடுத்து உதறினா, பட் பட்னு. விரிச்சா. வீங்கின காலை ஒண்ணொண்ணா நீட்டினா. படுத்தா. அமலி ஜன்னலைச் சாத்தினா. சாயங்காலம் கோயில் மணி அடிச்சப்பவும் அம்மா அசந்து தூங்கிக்கிட்டிருந்தா.

ம்... ம் சத்தத்தையே காணோம். சரி, கதையும் படுத்தாச்சு. நீயும் காலை நீட்டிக்கோ.