கொடியில் ஏறிய ஈமு

கடல் கடந்து வந்த வியாபாரி ஒருவன் செம்மலை நாட்டு மன்னர் குமாரவிசயருக்கு ஒரு ஜோடி ஈமு கோழிகளைக் காணிக்கையாகக் கொடுத்தான். ஆள் உயரம், முரட்டுக் கால்கள். எது ஆண், எது பெண் என்று சொல்லாமலே கப்பலேறிவிட்டான். அங்கேதான் வந்தது வினை.

சில நாளில் தோட்டத்து மூலையில் கரும்பச்சை முட்டைகள் தென்பட்டன. ஒரு பறவை அவற்றின்மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவே இல்லை. "பாவம், பெற்றவள் அல்லவா!" என்று அந்தப்புரத்துப் பெண்கள் உருகி, அதற்கு வளைகாப்பே நடத்திவிட்டார்கள். வளையல்களைக் கோத்துக் கழுத்தில் மாட்டி, எதிரே ஐந்து வகைச் சாதம் வைத்தார்கள். அது ஒரு பருக்கையைக்கூடத் தொடவில்லை.

மற்றதோ சரியான ஊர்சுற்றி. தொண்டைக்குள்ளிருந்து முரசு அறைவதுபோல 'தும் தும்' என்று முழங்கும். தளவாய் தாண்டவராயருக்கு அதைக் கண்டாலே மீசை துடிக்கும். "இதுவல்லவா ஆண்பிள்ளை!" என்று படைக்கொடியில் அதன் உருவத்தை எழுதச் செய்தார். எல்லைப் போருக்கும் கூட்டிப்போனார். இருட்டில் அது முழங்கியதைக் கேட்டு, பேயோ பூதமோ என்று எதிரிப்படை ஓடியே போயிற்று.

வெற்றி விழாவன்று பட்டுப் போர்த்தி அதைச் சபைக்கு அழைத்துவந்தார்கள். தளவாய் அதன் வீரத்தை அளந்துகொண்டிருக்கும்போதே, அது சிம்மாசனத்தின் முன் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தது. கம்பளத்தின்மேல் ஒரு கரும்பச்சை முட்டை!

தளவாயின் முகம் அந்த முட்டையைவிடக் கறுத்துப்போனது.

"பிரபு, முரசு கொட்டியது பெண்! வளைகாப்பு நடந்தது ஆணுக்கு! எதிரி கேட்டால் கைகொட்டிச் சிரிப்பான். வெளியே தெரிவதற்குள் இரண்டையும் சமையற்கட்டுக்கு அனுப்பிவிடுங்கள்!"

மன்னருக்குப் பறவைகள்மேல் ஆசைதான். மானத்தின்மேல் அதைவிட ஆசை. "மருதையா, நீ என்ன சொல்கிறாய்?" என்றார்.

மருதையன் வாய்த்துடுக்குக்குப் பேர்போன அரசவை விகடகவி. அடைகாக்கும் பறவையிடம் தினமும் நலம் விசாரித்துவிட்டு வருகிறவன் அவன். குழம்பில் அதைப் பார்க்க மனசு வருமா? ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"தாராளமாக அனுப்பலாம் மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். எதிரிகள் எதற்குப் பயந்து ஓடினார்கள்?"

"இதன் முழக்கத்துக்கு."

"இது பெண் என்று இனி அவர்களுக்குத் தெரிந்தால்?"

"அதைத்தானே நான் சொல்கிறேன், சிரிப்பார்கள்!" என்று சீறினார் தளவாய்.

"எங்கே சிரிப்பது, தளவாய் அவர்களே? 'போருக்கு வந்த பெண்டாட்டியே இந்தப் போடு போட்டாளே, வீட்டில் இருக்கிற புருஷன் எப்படிப்பட்டவனோ!' என்று இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்கள். ஒன்று மட்டும் ஜாக்கிரதை. அந்தப் புருஷனை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். வளையல் போட்டுக்கொண்டு முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார்!"

கிரீடம் சரிய மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மருதையனுக்குப் போட்டார். பிறகு தளவாயிடம் திரும்பி, "இந்த முட்டையை நீரே கொண்டுபோய் அதன் அப்பாவிடம் சேர்த்துவிடும்" என்றார்.

தளவாய் கொண்டுபோனார். அந்த அப்பன் அலகால் உருட்டி அதையும் வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொண்டது, முதலில் தளவாய்க்கு ஓர் உதை விட்ட பிறகு.